கையால் திறக்கிற நட்டு

உங்கள் வீட்டில் பிளஷை அழுத்தினால் தண்ணீர் எப்படி வருகிறது? ஒரே மூச்சில் கொட்டுகிறதா, இல்லை யாரோ வேண்டாவெறுப்பாக ஊற்றுவது போல வழிகிறதா? வழிகிறது என்றால் உடனே பிளம்பரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முக்கால்வாசி கோளாறை நீங்களே சரி செய்யலாம். டாங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போட்டிருக்கும் கோடு வரை ஏறவில்லை என்றால் மிதவையைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள். ஏறியிருந்தால், அடியில் இருக்கிற ரப்பர் மூடி முழுதாக எழும்புகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் கோப்பை விளிம்புக்கு அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு படிந்து அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிடுங்கள். அவ்வளவுதான். இதற்காக ஓர் ஆம்பளையை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை.

எங்கேயோ கேட்டுவிட்டு இதைச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக ஷார்ஜாவில் எனக்கு இதுதான் பிழைப்பு. எட்டு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் பிளம்பர் நான்தான். எங்கிருந்து எழுத வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மேடத்திடம் கேட்டேன். "எங்கிருந்து வேணாலும் எழுதுங்க, பொய் மட்டும் எழுதாதீங்க" என்றார். அதனால் பிளஷிலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர். வீட்டில் என் அம்மா மூக்காயியும் என் மனைவி இளமதியும் இருந்தார்கள். அம்மா கடலைக் காட்டில் வரப்பு தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. கீழே உட்கார முடியாது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கும். அதற்காகப் போன லீவில் நானே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன். சிமெண்ட் குழைத்துக் கொடுத்தது இளமதி. சுவரில் டாங்க், அதற்கு அடியில் வளைந்த பைப், பைப்பின் முடிவில் கோப்பை. டாங்கையும் பைப்பையும் சேர்ப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் நட்டு. அதைக் கையால்தான் முறுக்க வேண்டும், கையால்தான் திறக்க வேண்டும். இந்த நட்டு பின்னால் வரும்.

பிளம்பர் என்றால் ஜனங்கள் அவன் பைப்பைப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள். நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் நைட்டியைப் பார்த்திருக்கிறேன். சோப்பில் ஒட்டிய முடியைப் பார்த்திருக்கிறேன். ஈரமான தரையில் சின்னக் கால் தடத்தைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது மாடியில் ஒரு வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் சிவப்புக் கல் வைத்த கிளிப் ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து லேபர் கேம்பில் என் தலையணைக்குள் வைத்திருந்தேன். ஒரு ரூமில் ஏழு பேர். யாரும் யாரோடும் பேசிக்கொள்ள மாட்டோம். கல்யாணமானதும் அந்தக் கிளிப்பை இளமதிக்குக் கொடுத்தேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். ஆகவே ஒரு வீட்டின் பாத்ரூமுக்குள் போகிற ஆம்பளை எப்படிப்பட்டவன் என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லீவு முடிந்து கிளம்பிய அன்று காலையில், என் பழைய ஹவாய் செருப்பின் நீல ரப்பரிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டினேன். நடுவில் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நட்டைத் திறந்து, வில்லையை உள்ளே வைத்து, நட்டை மூடினேன். அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் வழிந்தது. கை கழுவிவிட்டு இட்லி சாப்பிட்டேன். இளமதி பஸ் ஸ்டாப் வரை வந்து அழுதாள்.

காரணம் சொன்னால் உங்களுக்கே நியாயம் என்று படும். பிளம்பருக்கு அந்த வில்லையை எடுப்பது ஐந்து நிமிட வேலை. மற்றவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. பிளஷ் வழிகிறவரை என் வீட்டுக்குள் எவனும் வரவில்லை. நன்றாகக் கொட்டினால் வந்துவிட்டான். கணக்கு அவ்வளவுதான். வீட்டில் கேமரா வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்டாட்டியை அப்படி அவமானப்படுத்த எனக்கு மனம் வராது.

பத்து நாள் கழித்துப் போனில் சொன்னாள்.

"ஏங்க, பிளஷ்ஷு சரியாவே போக மாட்டேங்குது. நாகராசு அண்ணன ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லட்டுங்களா?"

நாகராசு ஆலங்குடி கடைவீதியில் இருக்கிற பிளம்பர். அவள் அந்தப் பெயரை யோசிக்காமல் சொன்னாள். வாயில் தயாராக வைத்திருந்தது போல இருந்தது.

"பிளம்பர் பொண்டாட்டி பிளம்பரக் கூப்புட்டான்னா ஊரு சிரிக்கும். நான் சொல்லச் சொல்ல நீயே செய்யி" என்றேன்.

செய்தாள். முதலில் மிதவையை ஏற்றச் சொன்னேன். அடுத்த வாரம் ரப்பர் மூடியைக் கழுவச் சொன்னேன். அதற்கடுத்து விளிம்புத் துளை ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தச் சொன்னேன். கோப்பைக்கு முன்னால் முட்டி போட்டு, பக்கத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்து, இருபத்திரண்டு துளையையும் குத்தியதாகச் சொன்னாள். நல்லது, நாளைக்கு இன்னொரு தடவை குத்து என்றேன். எதனாலும் சரியாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் கேம்புக்குத் திரும்பும்போது அவளிடம் பேச ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துவிடும்.

நாலு மாதம் இப்படிப் போனது. அம்மா ஒருநாள் போனை வாங்கியது.

"எப்பா, எனக்காக அந்தப் புள்ள வாளி வாளியாத் தூக்குது. கூசிப்போயி நான் பகல்ல சாப்புடுறதையே கொறச்சுக்கிட்டேன். யாராச்சும் ஒரு ஆள விட்டுப் பாக்கக் கூடாதா?"

"பாப்போம்மா" என்றேன்.

சிக்கல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இளமதி சிரித்துக்கொண்டே போன் பண்ணினாள்.

"ஏங்க, நானே சரி பண்ணிட்டேன். அந்தப் பைப்புக்கு மேல பெரிய நட்டு ஒண்ணு இருக்குல்ல, அதத் தெறந்தேன். ஈரத் துணியச் சுத்தி, ஊறுகா பாட்டில் மூடி தெறக்குற மாதிரி. உள்ள நீலமா ஒரு ரப்பர் பில்லை அடச்சுக்கிட்டு கெடந்துச்சு. இந்தா, சத்தத்தக் கேளுங்க."

போனைக் கோப்பை பக்கம் பிடித்து அழுத்தினாள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒரே மூச்சில் கொட்டியது.

கெட்டிக்காரி என்றேன். கோபப்பட்டதாக எழுதிக்கொள்ளாதீர்கள், நான் கோபப்படவில்லை. பத்தாவது படித்த பெண், ரெஞ்ச் இல்லாமல், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல், சரியாக அந்த நட்டைத் திறக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? ஊறுகாய் பாட்டில் என்பது யாரோ சொல்லிக் கொடுத்த கதை. அன்று அவள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். பதினேழு நிமிடம் என்று போட்டிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கேம்பில் நெட் மெதுவாக இருக்கும். தவிரவும், தெரிந்த விஷயத்தைத் திறந்து பார்க்க என்ன இருக்கிறது.

அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லி லீவு வாங்கினேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வந்து, ஆலங்குடி பஸ் பிடித்தேன். கடைவீதியில் நாகராசு பைப் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க. தங்கச்சிக்கு ஆச்சரியமா?"

"எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்களா?"

"நீங்க சார்ஜாக்கே பைப் போடுற ஆளு. ஒங்க வீட்டுக்கு நான் எதுக்குங்க? வந்தா நான்தான் ஒங்ககிட்டத் தொழில் கத்துக்கணும்" என்று சிரித்தார்.

குற்றம் செய்யாதவன் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல மாட்டான். நானும் சிரித்தேன். வீட்டில் சின்ன வேலை இருக்கிறது என்று அவருடைய பைப் ரெஞ்சைக் கேட்டேன். பதினாலு இஞ்ச். எண்ணெய் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது மூன்று மணி இருக்கும். அம்மா கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. இளமதி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சேலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தலையில் அந்தச் சிவப்புக் கல் கிளிப் இருந்தது. டீ போடட்டுமா என்றாள். அப்புறம் குடிக்கலாம், பிளஷைக் காட்டு என்றேன்.

அந்த வில்லையைக் கழுவி, எனக்குக் காட்டுவதற்காக சோப்பு டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள். நான் அதை வாங்கி, நட்டைத் திறந்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். பிறகு ரெஞ்சைப் போட்டு முறுக்கினேன். பிளாஸ்டிக் நட்டுக்கு ரெஞ்ச் போடக் கூடாது, உடைந்துவிடும். எவ்வளவு முறுக்கினால் உடையாது என்பது எனக்குத் தெரியும்.

"இப்பத் தெற. ஊறுகா பாட்டில் மாதிரி" என்றேன்.

ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்தாள். திருகினாள். கை வழுக்கியது. திரும்பவும் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நட்டு அசையவில்லை. நான் ரெஞ்சைப் பிடித்தபடி கதவில் சாய்ந்து நின்றேன். விசாரணை என்றால் பொறுமை வேண்டும்.

"ரிஞ்ச்சப் போட்டு முறுக்கிட்டு என்னையத் தெறக்கச் சொன்னா எப்புடிங்க?" என்று திரும்பினாள். அப்போதுதான் அவள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் நட்டைப் பார்த்தாள்.

"அடச்சுக்கிட்டு கெடந்தத எடுத்துப் போடாம, திரும்ப உள்ளயே வச்சீங்களே. அது நீங்க வச்சதா?"

நான் ரெஞ்சைக் கீழே வைத்தேன்.

"நாலு மாசம். ஒங்க ஆத்தா வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வேளச் சோத்த விட்டுருச்சு. நான் மொழங்கால் தேய அந்த ஓட்டையெல்லாம் குத்திக்கிட்டு கெடந்தேன். நீங்க போன்ல நாளைக்கும் குத்துன்னு சொன்னீங்க." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "வீடியோ அனுப்புனேனே, பாத்தீங்களா?"

"பாக்கல. நாகராசு எப்ப வந்தான்?"

கையில் இருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். பிறகு துணியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கதான் பெரிய பிளம்பராச்சே. கையால தெறந்து காட்டுங்க. தெறந்துட்டா நீங்க சொல்றதெல்லாம் உண்மைன்னு ஒத்துக்கிறேன்."

நான் துணியை வாங்கவில்லை. வெறும் கையால் பிடித்துத் திருகினேன். ஒன்பது வருடம் ரெஞ்ச் பிடித்த கை. நட்டு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். வரவில்லை. பின்னால் அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் விடுகிற மூச்சு மாதிரி ஒன்று. என் கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

ரெஞ்ச் கீழே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். மூன்று தடவை. முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தச் சிரிப்புக்கு.

கதவுக்கு வெளியே வாக்கர் உரசுகிற சத்தம் கேட்டது.

"இளமதி, முடிஞ்சுதாத்தா? எனக்கு அவசரமா இருக்கு."

"கொஞ்சம் பொறும்மா. பிளஷ்ஷு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட எனக்குப் பிடிக்காது. ரெஞ்சால் நட்டைத் தளர்த்தி, வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நட்டைக் கையால் முறுக்கினேன். அழுத்திப் பார்த்தேன். ஒரே மூச்சில் கொட்டியது. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அம்மாவைத் திருப்பிக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். இளமதி எங்கேப்பா என்று கேட்டது. உள்ளே இருக்கிறாள் என்றேன். பொய் சொல்லவில்லை. பஸ் பிடித்து ஆலங்குடி ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ரெஞ்ச் நாகராசுவுடையது, அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

இதில் நான் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. இளமதியைக் கொன்றது நான்தான். ஆனால் வேறு யாராக இருந்தாலும் நாகராசுவையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். நான் நிதானமாக இருந்தேன் என்பதை மேடம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் மேடம் என் போனை மேசை மேல் வைத்து அந்த வீடியோவைத் திறந்தார். முதலில் இளமதியின் முகம் மிக அருகில் வந்தது. போனை வாளி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போனாள். துணியைச் சுற்றினாள். வழுக்கியது. விரல் முட்டி சுவரில் இடித்து ரத்தம் வந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத் திரும்பவும் பிடித்தாள். பதினாலாவது நிமிடத்தில் நட்டு சுழன்றது. வெளியிலிருந்து அம்மா குரல், "ஆச்சாத்தா?" என்றது. "ஆச்சுங்க அத்தை" என்று சிரித்தாள். பதினேழு நிமிடமும் அவள் மட்டும்தான் இருந்தாள். மேடம் போனை அணைத்துவிட்டு, இப்ப என்ன சொல்றீங்க என்று கேட்டார். அந்த வீடியோவை எடுத்தது யார் என்று கேட்டேன்.