அளந்தத அழிக்கிற வேலை

இல்லங்க, கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. சிட்ஸல் மேல எனக்கு எதுக்குக் கோபம்? எதிர்த்த ரூம்தான். காபி மெஷின் கிட்ட தெனமும் பாக்கறோம், சிரிக்கறோம். விசாரணைன்னு வந்து கேக்கறீங்க, அதனால சொல்றேன்.

அவளுக்கு முன்னாலயே இந்தக் கோபன்ஹேகன்ல இதே வேலையோட வருஷக்கணக்கா முட்டி மோதினவன் நான். நீங்க சட்டம் படிச்சவங்கதானே? சரி, சுருக்கமா சொல்றேன். குவாண்டம் பிட்டுன்னு ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணுங்கற ரெண்டு நிலையும் கலந்து நிக்கும். அளந்தா போச்சு, ஏதோ ஒரு பக்கம் விழுந்துரும். முழுசா அளக்காம லேசா தொட்டுப் பாத்தா விழாது, கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வ நிமித்தணும். அதுக்கு அதப் பொரட்டிப் போட்டு, மறுபடி அதே மாதிரி லேசா தொடணும். அமைஞ்சா பழைய நிலை திரும்பிரும். ஆனா மொதல்ல தெரிஞ்சுக்கிட்டது அழிஞ்சுரும். ரெண்டும் வேணும்னா நடக்காது.

எனக்குத் திரும்பவே இல்லீங்க. அவ நார்வேல பெர்கன்லருந்து வந்தா, ஒரே குளிர்காலத்துல முடிச்சுட்டா. வெள்ளிக்கிழமை கேக் வெட்டினாங்க. நானும் ஒரு துண்டு தின்னேன். எங்க தலைவர் ஹோல்கர் தோளத் தட்டி, தொர்கில், இதுல உனக்கும் பங்கு இருக்குய்யாங்கறாரு. பங்காம்.

புகாரா? நான் குடுக்கல. அவ தோத்த முயற்சியத் தூக்கிப் போட்டுட்டு ஜெயிச்சத மட்டும் காட்டறான்னு யாரோ குடுத்தது. கேட்டப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு, எதுக்கு மறைக்கணும்? ஆனா அது நியாயமில்லீங்க. தோத்தா கருவியே காட்டிக் குடுத்துரும், நாம பொறுக்கி எடுக்கறதில்ல. தோத்ததுதான் அதிகம்னு அவளே வெளிப்படையா சொல்லிருக்கா.

ஆமா, திரும்பப் பண்ணிப் பாக்கற வேலைய என்கிட்டதான் குடுத்தாங்க. இதுல கை பழகினவன் வேற யாரும் இல்ல. அவ சொன்ன முடிவு எனக்கு வரலன்னு சொன்னா அவ வேலை போயிரும். தெரியுங்க, தெரியும்.

என் மெஷின்லயே வச்சுப் பாத்தேன். ஒண்ணுதான் மாத்தம், அவ தொட்டது என்னோடத விட ரொம்ப லேசு. எனக்கு எப்பவும் அதிகமாத் தெரிஞ்சாகணும், அழுத்திருவேன். அவ சொன்ன மாதிரி வச்சேன். திங்கக்கிழமை காலைலயே பழைய நிலை திரும்பி வந்துருச்சு. அப்புறம் வாரம் பூரா, எங்கயாவது பிசகாதான்னு உக்காந்து பாத்தேன். பிசகல.

சரின்னே எழுதிக்கங்க. அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் போனா, என் மூஞ்சியப் பாத்தே எல்லாம் கண்டுபிடிச்சிருவா.