பதிவு எண் நானூற்றுப் பதினேழு

"ஹலோ... ஹலோ, அப்பாவா?... நான்தான், டொரினா. வேற யாரு எடுப்பா?... சரியாவே கேக்கல. ஜன்னல் பக்கம் வந்து நில்லு... ஆங், இப்ப சரி. இப்ப சரி."

எந்த ஜன்னல் என்று டொரினாவுக்குத் தெரியும். கிரேக்க நாட்டில், வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஜன்னலே ஒன்றுதான். அவள் பிறந்து பதினாலு வருடம் வளர்ந்த வீடு. இப்போது அங்கே அப்பா பெத்ரிட் மட்டும்தான். அம்மா, தம்பி, டொரினா மூவரும் சித்தப்பா கல்யாணத்துக்கென்று ஜூலை மாதம் அல்பேனியாவுக்கு வந்தவர்கள், கொர்ச்சாவில் பெரியப்பா வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து புது மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் சண்டையைக்கூடப் போட்டு முடித்தாயிற்று. செப்டம்பர் பிறந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதாக இல்லை.

"சாப்பிட்டியா?... திரும்பவும் முட்டையா? மூணு வேளையும் முட்டை பொரிச்சுத் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?... சரி சரி, விடு. என்னமோ கடுதாசின்னு சொன்னியே... அரசாங்கக் கடுதாசியா?... இரு, பென்சில் எடுத்துக்கறேன்."

இது அப்பாவுக்கும் மகளுக்கும் பழகிப்போன வேலை. இருபது வருடமாகச் சுவர் பூசுகிற இடத்தில் கிரேக்கம் பேசிப் பேசி பெத்ரிட்டுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுதிய கிரேக்கம் வேறு. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவார், கூட்டிப் படிக்க வராது. அதனால் ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாவற்றையும் டொரினாதான் படித்துச் சொன்னாள். மின்சாரக் கட்டணம், ஆஸ்பத்திரிச் சீட்டு, குடியிருப்பு அனுமதி, எல்லாம். பள்ளிக்கூட இடைவேளையில்கூட அப்பா ஏதாவது அலுவலகத்தில் நின்றுகொண்டு போனில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவள் உள்ளங்கையில் எழுதிக் கூட்டிப் படித்திருக்கிறாள். அவளையும் கூட்டிப்போகிற நாளில் அலுவலகத்தில் யாராவது முகம் சுளித்தால், மகள் தலையில் கை வைத்து, இவதான் என் கண்ணு என்று பெருமையாகச் சொல்வார்.

அவளும் ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் படித்ததில்லை. அல்பேனியக் கும்பல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முந்தைய வீட்டுக்காரன் எழுதியதையே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளது உள்ளபடி படித்தவள் அவள்.

"மேல சிலுவை முத்திரை, அமைச்சகம், அதெல்லாம் விட்டுடு. எல்லாத்துலயும் ஒண்ணுதான். பொருள்னு போட்டு ரெண்டு புள்ளி வெச்சிருக்குமே, அதுக்குக் கீழ இருந்து சொல்லு... ம்... ம்... வட்டமா? வட்டத்துக்கு நடுவுல கோடு இருக்கா?... அப்ப அது தீட்டாங்கற எழுத்து... ம், அடுத்தது... மெதுவா, மெதுவா."

நாலே வரிக் கடிதம். அதற்கே கால் மணி நேரம் ஆகும்போல் இருந்தது. பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அவள் எழுதிக்கொண்டே போனாள். வெளியே பால்கனியில் அம்மா லிரி சிவப்புக் குடைமிளகாயைத் தணலில் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்காக நாற்பது ஜாடி. நாமதான் ஊருக்குப் போகப்போறோமே, யாருக்கு இத்தனை என்று டொரினா காலையில்தான் கேட்டிருந்தாள். பெரியம்மாவுக்கு என்று சொன்ன அம்மா, தணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உங்களுடைய ஜூன் பன்னிரண்டாம் தேதி விண்ணப்பத்தின்படி, என்பது வரை எழுத்துகள் கூடி வந்தன. ஏதோ அனுமதிச் சீட்டு விவகாரம் என்றுதான் டொரினா நினைத்தாள்.

"எண்ணா? சொல்லு... நாலு... ஒண்ணு... ஏழு."

பென்சில் நின்றது.

"...இருக்கேன், இருக்கேன். லைன் கட்டாகல. இன்னொரு தடவ சொல்லு... நாலு. ஒண்ணு. ஏழு... ம். மிச்சத்தையும் சொல்லு. ஒரு எழுத்தையும் விடாத."

வோலோஸ் பள்ளிக்கூடத்தில் அவளுடைய பதிவு எண் அது. மூன்று வருடமாக ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும் தன் பெயருக்கு முன்னால் எழுதிய எண். மீதியும் வந்து சேர்ந்தது. பதிவு எண் 417 மாணவியின் இடமாற்றச் சான்றிதழ் தயாராக உள்ளது. தந்தையின் கையெழுத்து ஓரிடத்தில் விடுபட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும். மாணவி எங்கள் பள்ளியிலேயே தொடர்வதாகக் கொள்ளப்படும்.

ஜூன் பன்னிரண்டு. அவர்கள் பஸ் ஏறியது ஜூலையில். ரெண்டு மாசந்தான், விடுமுறை மாதிரி போயிட்டு வாங்க என்று சொல்லி, பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தாரே இந்த மனுஷர். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய், யாரோ ஒருவரை வைத்துக் கிரேக்கத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு வருடத்தில் அவளை விட்டுவிட்டு அவர் எழுதிய முதல் காகிதம்.

அப்போதுதான் போன வாரத்துப் பழுப்பு உறை ஞாபகம் வந்தது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டு வா, பெரியப்பா மகள் சமாச்சாரம் என்று அம்மாதான் கொடுத்தாள். வழியில் டொரினா எடுத்துப் பார்த்தாள். வீட்டில் பேசுகிற அல்பேனிய மொழி அவளுக்கு வரும். ஆனால் அதை எழுதப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. பெரியப்பாவின் கோழிக்கிறுக்கலில் அம்மா பெயரும் குடும்பப் பெயரும்தான் புரிந்தன. தலைமையாசிரியை படித்துவிட்டு, அவள் கன்னத்தைத் தட்டி, இனிமே நீ எங்க பொண்ணு என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து இவளும் சிரித்துவிட்டு வந்தாள். தன்னைச் சேர்க்கிற விண்ணப்பத்தைத் தானே சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த உறையை அம்மா ஒட்டக்கூட இல்லை. இவளுக்குப் படிக்க வராது என்று எல்லோருக்கும் அவ்வளவு நிச்சயம்.

வோலோசில் அவளை அல்பேனியாக்காரி என்றார்கள். கட்டுரைப் பரீட்சையில் முதலாவதாக வந்து வந்துதான் அந்தப் பேச்சை நிறுத்தினாள். இங்கே தெருப் பிள்ளைகள் கிரேக்கக்காரி என்கிறார்கள். பெரியப்பா மகள் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். இங்கே என்றால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அப்பா... கடுதாசி கிடக்கட்டும், சொல்றேன். முதல்ல ஒண்ணு கேக்கறேன். பள்ளிக்கூடம் பதினொண்ணாந்தேதி தொறக்குது. நாங்க எப்ப வர்றோம்?... ம்... ம்... அடுத்த வாரமா?... பஸ்ல எடம் போட்டாச்சா?... ஓ, போட்டாச்சு. மூணு பேருக்கும்."

அவள் குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள். அவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் கெஞ்சினாள். வேலை இல்லை, உங்களை இங்கே வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், பிறகு கடிதத்தை உள்ளபடி படித்தும் காட்டியிருப்பாள்.

"இல்லப்பா, சும்மா கேட்டேன். வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் என்ன சின்னப் புள்ளையா?... அப்ப எதையும் மறைக்கல?... ம்... ம்... சத்தியமா?... யார் மேல?"

ஜன்னலடியில் நின்றுகொண்டு அந்த மனுஷர் சத்தியம் செய்தார். பெற்ற பிள்ளையின் தலைமேல் சத்தியம் என்றால், கொர்ச்சாச் சந்தையில் மாடு விற்கிற தரகன்கூடப் பொய் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வான்.

"என் தலை மேலயா... சரி."

இத்தனை வருடம் அவருக்காகப் படித்த ஒவ்வொரு காகிதமும் அந்த நிமிடத்தில் அவளுக்குக் கசந்தது.

"கடுதாசியா?... அது ஒண்ணுமில்ல. நகராட்சி அறிவிப்பு. நாய் வளக்கறவங்க எல்லாரும் பதிவு பண்ணிக்கணுமாம்... ஆமாப்பா, நாய்தான்... நாலு ஒண்ணு ஏழா? அது சட்டத்தோட எண்ணு. நம்ம வீட்டுல ஏது நாய்?... ம், சிரி, சிரி."

அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேண்டாம்ப்பா, பக்கத்து வீட்டம்மாகிட்ட எதுக்குக் காட்டணும்? நான் படிச்சது போதாதா? இன்னிக்கு வரைக்கும் ஒண்ணாவது தப்பாப் படிச்சிருக்கேனா?... அப்புறம் என்ன. கிழிச்சுப் போடு... இல்ல, இப்பவே. வெச்சிருந்தா நல்ல காகிதத்தோட கலந்துடும். கிழி... போனைக் காதுல வெச்சுக்கிட்டே கிழி."

சர்ரென்று சத்தம் தெளிவாகக் கேட்டது. லைன் அவ்வளவு நன்றாக இருந்தது.

"குறுக்காலயும் ஒரு தடவ... ஆங். போதும்."

கரி படிந்த விரல்களோடு அம்மா வாசலில் வந்து நின்று, என்ன கடுதாசி என்று தலையை ஆட்டிக் கேட்டாள். டொரினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

"வேற ஒண்ணுமில்லையே?... ம். நல்லாச் சாப்பிடு... என்ன சொன்ன?... ஆமா. ஆமாப்பா. நான்தான் உன் கண்ணு."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டொரினா போனை வைத்துவிட்டாள்.