பானை புடிக்க ஒரு கை

அட, அத்த மிதிக்காத சார்! நான் சொல்லிக்கினே கீறேன், நீ மிதிச்சிக்கினே கீறியே. மிதிக்க மிதிக்க சக்கரம் தனக்குத்தானே குழி பறிச்சிக்கும். அச்சு வரிக்கும் எறங்கிடுச்சி பாரு. இன்ஜின ஆஃப் பண்ணு. ஆங். அவ்ளோதான். இப்ப மூச்சு வுடு.

நானா? தோ, ஆத்தோரம் தட்டி வெச்ச குடிசை தெரியுதுல்ல, அது நம்ம ஊடு. வேலம்மான்னு பேரு. இந்த முகத்துவாரத்துல எவன் வண்டி மாட்னாலும் நம்ம ஊட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்கோ. அம்பாசிடரு, பியட்டு, வடபழனிலேர்ந்து வர்ற சினிமாக் கம்பெனி வேனு, அல்லாத்தையும் எடுத்து வுட்டுக்கீறோம். எங்க ஊட்டுக்காரரு பேரு பஞ்சாட்சரம். அடையார்ல போயி மணல் பஞ்சாட்சரம் ஊடு எதுன்னு கேட்டுப் பாரு, டீக்கடக்காரனே கைய புடிச்சி இட்டாந்து வுடுவான்.

அவரு இல்ல சார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கீறாரு. மத்த ஆம்பளைங்கல்லாம் கடல் மேல கீறாங்கோ. இப்பக்கி நான் ஒருத்திதான்.

இன்னா சிரிக்கற? பொம்பள எப்டி ஜீப்ப இஸ்ப்பான்னா? நான் எங்க இஸ்க்கப் போறேன்! வண்டி முன்னாடி இன்னா கட்டி வெச்சிக்கீற, கண்ணு தெரியல? மிலிட்டரி ஏலத்துல எடுத்தியா? அதான பாத்தேன். அது வின்ச்சு சார். உருளைல இரும்புக் கயிறு சுத்திக்கீது. கயித்த இஸ்துக்கினு போயி முன்னாடி எதுலயாவது மாட்டிட்டா, இன்ஜினு உருளைய சுத்தும், உன் வண்டி தன்னைத்தானே இஸ்துக்கினு மேல வந்துடும். இத்தினி வருசமா அழகுக்கா மாட்டி வெச்சிக்கினு இருந்த? நல்ல மொதலாளி நீ.

கத்துக்கணுமா? கத்துக்கோ, எனக்கின்னா. இன்னொரு வாட்டி மாட்னா நீயே எடுத்துக்கலாம். காசு கீசு அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல எறங்கி வா. மடியில இன்னாது அது, செவப்புத் துணி கட்டி? ஊறுகாப் பானையா? கைக்கொயந்த மாரி வெச்சிக்கினு கீற. தூக்கி மணல்ல வெச்சிட்டு வா சார். பானைக்கு இன்னா, காலா சுடப்போவுது?

ஐயோ.

ஐயோ, தெரியாது சார். இந்த வாயி சார் எனக்கு, இந்த வாயிக்குச் சூடுதான் வெக்கணும். உன் சம்சாரமா? எப்ப தவறிச்சு அந்தம்மா? முந்தா நாளா? அஸ்தியா சார் அது? நான் போயி ஊறுகான்னு... மன்னிச்சிக்கோ சார்.

ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் சேர்ற எடத்துலதான் வுடணும்னு அவங்களே சொல்லிட்டுப் போச்சா? இந்த ஜீப்புல முன்சீட்டுல உக்காந்து இங்க வருவாங்களா? அதான் டிரைவர கூட இட்டாரல நீ. தி.நகர்ல துணிக்கட வெச்சிக்கீறியா? அங்கேர்ந்து தனியாவேவா ஓட்டிக்கினு வந்த.

இல்ல இல்ல, கீய வெக்காத. கரைக்கற வரிக்கும் தரையில வெக்கக் கூடாதுன்னா வெக்காத. நடந்து போயிடேன்னு சொல்லலாம்னு பாத்தா, உன் முட்டி மடங்காம கீது. இந்த மணல்ல பத்தடி வெக்க மாட்ட. அதுவுமில்லாம மத்தியானத்துக்கு மேல அல இங்க வரிக்கும் ஏறிடும், வண்டி தண்ணில நிக்கும். நீ உக்காந்துக்கோ சார். நான் எடுத்து வுட்டுட்டுத்தான் போவேன். காசு வேணாம். வேணாம்னா வுடேன் சார்.

நான் வாரிக்கினே சொல்றேன், நீ பாத்துக்கோ. என் மூஞ்சிய பாக்காத. கையப் பாரு.

மொதல்ல சக்கரத்துக்கு முன்னாடி கீற மண்ண சரிவா வாரிடணும். மேட்டு மேல நேரா இஸ்தா கயித்துக்குத்தான் கேடு. மண்ணு எவ்ளோ கொறையுதோ, கயித்துக்கு அவ்ளோ பாரம் கொறைவு. பொறுமையா வாரணும். அவசரப்பட்டவன் வண்டிதான் இங்க ராவெல்லாம் நிக்கும்.

ஓலையா? ஆமா, சக்கரத்துக்கு அடியில தென்ன ஓல கீது. அது... அலையில அடிச்சிக்கினு வந்திருக்கும். நல்லதுதான், சக்கரத்துக்குப் புடிமானம் ஆவும். கெடக்கட்டும் வுடு.

இப்ப கயிறு. வெறுங்கையில தொடவே கூடாது. இரும்பு நாரு பிஞ்சி முள்ளு முள்ளா நீட்டிக்கினு கீது பாரு, உள்ளங்கைய கியிச்சிடும். தோல் பட்டை சுத்திக்கினுதான் புடிக்கணும். அந்த சின்ன கியர நடுவுல தள்ளு. ஆங், இப்ப லூசு. நான் இஸ்துக்கினு போறேன், நீ உருளையப் பாத்துக்கினே இரு. முயுசா அவுத்துடக் கூடாது. உங்க கடையில துணி பீஸு கீதுல்ல, அட்டையில சுத்தி வெச்சிருப்பீங்களே. கடைசியா அட்டைய ஒட்டிக்கினு நாலஞ்சி சுத்து நிக்குமே, அந்த மாரி உருளையிலயும் நிக்கணும். அந்தச் சுத்துதான் வண்டியத் தாங்கும். நுனில கீற ஆணி தாங்காது.

இன்னா கேட்ட? கட்டையா? ஆமா சார், அது பொதச்ச கட்டை. பனங்கட்டை, ஆள் மட்டம் கீய எறங்கிக்கீது, யானை இஸ்தாலும் வராது. அது கட்டுமரம் இஸ்து கட்றதுக்குப் பொதச்சது. கட்டுமரமெல்லாம் அந்தப் பக்கம் கீதேன்றியா? அது... முன்ன இங்கதான் இருந்துச்சி. ஆமா சார், கயிறு நீளத்துக்குக் கரெக்டாதான் கீது. எதுக்கு சார் கட்டையப் பத்திக் கேட்டுக்கினு, பாடத்தக் கேளு நீ.

கட்டைக்கு மொதல்ல கோணி சுத்தணும், இல்லன்னா கயிறு அறுத்துக்கினு உள்ள எறங்கும். கொக்கிய மாட்டச் சொல்லோ வாயி மேல பாத்தா மாரி மாட்டணும். வுட்டுக்கிச்சின்னாலும் மண்ணுலதான் குத்தும், மேல பறக்காது. மாட்டிட்டேன். இப்ப இதான் முக்கியம். இன்னொரு கோணிய தண்ணில முக்கி, நடுக் கயித்து மேல போடறேன் பாரு. எதுக்குன்னு கேளேன்? கயிறு இறுகி நிக்கச் சொல்லோ அதுக்கு உசுரு வந்துடும் சார். அறுந்துதுன்னா சாட்ட மாரி திரும்பி வந்து, நடுவுல எவன் நின்னாலும் ரெண்டு துண்டு பண்ணிடும். ஈரக்கோணி மேல கெடந்தா அத்த அமுத்திப் புடிச்சி கீய தள்ளிடும். கயித்தத் தாண்டக் கூடாது. நேர்ல நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் இந்தப் பக்கம் ஒதுங்கி நின்னு கை காட்டுவேன். கை ஒசத்துனா நிறுத்தணும், யோசிக்கக் கூடாது.

எங்க ஊட்டுக்காரருக்கா? கயிறு அறுக்கல சார். இதே மாரி வின்ச்சு வெச்ச வண்டி ஒண்ணுல கயிறு சுத்திக்கினு வரச் சொல்லோ உருளையாண்ட கோணலா ஏறிச்சி, கையால தள்ளி வுட்டாரு. எல்லாருக்கும் கூடாதுன்னு சொல்ற மனுசன், ஒரு நிமிசம் மறந்துட்டாரு. ரெண்டு வெரலு. கயித்தோட உள்ள போயிடுச்சி. போன வாரம். நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். அதான் சொல்றேன், உருளையாண்ட கை போவக்கூடாது. கோணலா ஏறுனா ஏறட்டும், நிறுத்திட்டுத் திருப்பி அவுத்து சுத்து.

சரி. இப்ப நீ. வலது கையில ஸ்டேரிங், நேரா புடி. இடது கை அந்த கியர் மேல. கால் கிளச்சுல, மெள்ள மெள்ள வுடணும். கயிறு தொய்வு போயி இறுகற வரிக்கும் ஒரு மூச்சு, அப்பறம் இன்னொரு...

ஆமா. பானை.

ரெண்டு கையும் வேணும் சார், வேற வழியே இல்ல. சீட்டுல வெச்சா வண்டி குழியிலேர்ந்து ஏறுற குலுக்குல உருண்டுடும், மண்பானை. கயிறு போட்டுக் கட்டலாம்னா வாயில துணிதான் கீது. யாராவது புடிச்சிக்கணும்.

நானா?

வேணாம் சார். என்கிட்ட குடுக்காத. வேற யாராவது... இல்ல, சுத்துப்பட்டுல யாருமே இல்லதான். ஆனா நான் வேணாம். கோவிச்சிக்காத. பயமெல்லாம் இல்ல சார், செத்தவங்கள பாத்து எனக்கு இன்னா பயம். நீ ஜாதி பாக்க மாட்டேன்றியா? தெரியுது சார், நீட்றப்பவே தெரியுது. நான் அத்த சொல்லல.

இன்னா பண்ணலாம்... கிளச்ச நான் மிதிக்கறேன், நீ எறங்கிப் பானையோட நில்லேன்? எனக்கு ஓட்டத் தெரியாது. ஆமா, தெரியாதுதான். வெளிய நின்னு கை காட்டத்தான் தெரியும். ரெண்டு பேரும் இப்டியே நின்னா தண்ணி ஏறிடும். அந்தம்மா வேற காத்துக்கினு கீது.

என் கையப் பாருன்னு சொன்னேன்ல சார். பாத்தியா? நகத்துக்குள்ள கருப்பு மண்ணு கீது பாரு. இப்ப வார்னது வெள்ள மண்ணு, மேல் மண்ணு. இந்தக் கருப்பு கீய ஆழத்துல கீறது. அது காலைல ஒட்னது.

ஓல அலையில வரல சார். அந்தக் குழிய நான்தான் வெட்னேன். வெட்டி, ஓல பரப்பி, மேல மண்ணு தூவி வுட்டேன். கட்டையும் மாட்ற வண்டிய இஸ்து வுட்டு காசு வாங்கத்தான் பொதச்சது.

எங்க ஊட்டுக்காரரு வெட்டுவாரு, நான் சமைப்பேன். ஆனா அவரு வெட்டிட்டு சும்மா போவ மாட்டாரு. தோ அந்த மேட்டுல நின்னு வர்ற வண்டிய பாத்துக்கினே இருப்பாரு. பாட்டுப் பெட்டி வெச்சிக்கினு கூத்தடிக்க வர்றவன வுட்டுடுவாரு. கொயந்தைங்க, வயசானவங்க, உன்ன மாரி சாவுக்கு வர்றவங்க கீறாங்கன்னா துண்ட ஆட்டி அந்தாண்ட திருப்பி வுட்டுடுவாரு. நான் இன்னிக்கித்தான் மொத மொதல்ல வெட்னேன். மேட்டுலதான் நின்னேன். கொயாயில தண்ணி வந்துடுச்சின்னு கத்துனாங்கோ, ஒரே ஒரு கொடம் புடிச்சிட்டு வந்துடலாம்னு ஓடுனேன். திரும்பி வர்றேன், நீ மிதிச்சிக்கினு கீற.

இந்தக் கையிலதான் குடுக்கறேன்றியா, சொல்லு இப்ப.

இன்னா சார். திட்டு. இன்னும் பானைய என்கிட்டயே நீட்டிக்கினு கீறியே.

இரு சார். இரு. கையக் கயுவிக்கினு வரேன்.