புளி போட்டுத் தேய்த்த மெடல்

— ஏட்டி மாடத்தி, மெடலைப் புளி போட்டா தேய்ச்சே? அது என்ன குத்துவிளக்கா?

— குத்துவிளக்கு கூட இம்புட்டுக் கறுக்காது. சுதந்திர தினமும் அதுவுமா ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துல கொடியேத்தப் போற ஆளு, கரியை நெஞ்சுல குத்திக்கிட்டா போவீக?

— முப்பத்தஞ்சு வருஷமா அதைத் தொடாதேன்னு சொல்லுதேன்.

— வீட்டுல அம்புட்டையும் தேய்க்கச் சொல்லுவீக, இதை மட்டும் தொடக்கூடாதாக்கும்.

— குடு இங்க. எட்டு மணி பஸ் போயிரும்.

— போனா அடுத்த பஸ். ராஜபாளையத்துல பஸ்ஸுக்கா பஞ்சம்? போயி என்ன கிழிக்கப் போறீக? இலங்கைச் சண்டையைப் பத்திப் பேசுங்கன்னு வருஷா வருஷம் மைக்கைக் குடுக்காக. 'ஜெய்ஹிந்த்'னுட்டு இறங்கிருதீக. தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசுனா வாய் தேஞ்சா போகும்?

— மிட்டாய்க்கு நிக்கிற பிள்ளைகளுக்கு என் பேச்சு எதுக்கு? மெடலைக் குடுட்டி.

— தாரேன். மொதல்ல இதைச் சொல்லுங்க. எட்வின்ங்கிறது யாரு?

— ...எந்த எட்வின்?

— தேய்க்கத் தேய்க்க விளிம்புல எழுத்து தெரிஞ்சுச்சு. நம்ம பேத்தி கல்பனா போன்ல பெருசாக்கிப் படிச்சா. ஒரு நம்பரு, பொறவு எட்வின். கண்ணுச்சாமின்னு ஒரு எழுத்து இல்ல. எம்புருசன் மெடலு, எம்புருசன் மெடலுன்னு ஊரு பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே! அடுத்தவுகளுதைத் திருடிட்டா வந்தீக?

— திருடலட்டி. மாத்திக்கிட்டோம். என்னுது அவன்ட்ட இருக்கு, நாகர்கோவில்ல.

— மாத்திக்கிட்டீகளா? இதென்ன கல்யாண வீட்டுச் செருப்பா?

— எங்க பட்டாளக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்சவன் நாங்க ரெண்டு பேருதான். இலங்கையில வீடு சோதிக்கப் போனா எங்களைத்தான் வாசல்ல நிப்பாட்டுவாக. 'பயப்படாதீக, வெளிய வாங்க'ன்னு நாங்க கூப்புடணும்.

— நல்ல வேலைதான?

— நம்ம பேச்சைக் கேட்டதும் நம்பிக் கதவைத் தொறந்துருவாக.

— தொறந்து?

— என் துண்டை எங்கட்டி வச்சே?

— ஏங்க, தொறந்து வந்தவுகளுக்கு என்னாச்சு?

— எட்டு மணி பஸ் போயிருச்சு பாரு.

— பஸ் கெடக்கட்டும். சொல்லுங்க.

— ஊருக்கு வந்த பொறவு, எம்பேரு போட்ட மெடலைத் தொட்டா என் குரல் எனக்கே கேக்கும். வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு. எட்வினுக்கும் அவன் குரல். அதான் மாத்திக்கிட்டோம்.

— அடுத்தவுக மெடலுன்னா கேக்காதா?

— நீ புளியைக் கரைக்கிற வரைக்கும் கேக்கலட்டி.