பெரியம்மாவின் இருபக்கமும் அறிந்த எங்கள் சாக்பீஸ் ஐயாவுக்கு

கரும்பலகை தேடாமல் கருங்குதிரையின் மேனியிலேயே கல்வி வளர்த்த கலைச்செல்வரே! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருநூற்றைந்து எலும்புகளையும் இடறாமல் எண்ணிச் சொல்லும் ஏந்தலே! விலா எலும்பு பதினெட்டு இணை என்று விரல் மடக்கிக் காட்டி, விளங்காதவருக்கும் விளங்கும்வரை விட்டுக்கொடுக்காத வித்தகரே! கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுத் துறையில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் சாக்பீஸ் ஐயா அவர்களே! வணக்கம்! வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்பு, கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, துறை எழுத்தரான அடியேன் தலையில் விழுந்தது. விரிவுரையாளர்கள் நால்வரும் தங்களின் பெருமைகளை ஆளுக்கொரு தாளில் எழுதித் தந்தார்கள். படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்துவிட்டது. "முன்னங்கால் முழங்கால் தேய உழைத்த குதிரை போன்றவரே" என்று அழகாக ஒரு வரி போட்டேன். "அது முழங்கால் இல்லப்பா, மணிக்கட்டு" என்று அடித்துவிட்டார்கள். குதிரை நிற்பது ஒரே ஒரு நடுவிரலின் நுனியில், குளம்பு என்பது அதன் நகம் என்றும் சொன்னார்கள். "வாயால் மூச்சு வாங்க வாங்க ஓடியவரே" என்று மாற்றினேன். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு மட்டுந்தான் என்று அதற்கும் கோடு விழுந்தது. நான்கு கிலோ எடையுள்ள இதயம் படைத்தவரே என்று கடைசியில் எழுதினேன், அதை மட்டும் விட்டார்கள்.

ஐயா! பருவத்தின் முதல் திங்களன்று வண்ணச் சாக்பீஸ் பெட்டியோடு லாயத்து முற்றத்துக்குத் தாங்கள் வரும் காட்சியை யாம் மறப்போமோ! மாணவர்கள் பெரியம்மா என்று அழைக்கும் அந்த முதிய பெண்குதிரை, தங்களைக் கண்டதும் தானே வந்து நடுவில் நிற்கும். வெள்ளையில் எலும்பு, நீலத்தில் நுரையீரல், சிவப்பில் இதயம், பச்சையில் மண்ணீரல், மஞ்சளில் குடல் என்று தோல் மேல் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். தலைக்கயிற்றைப் பிடித்தபடி லாயப் பணியாளர் அம்மா நிற்பார். வகுப்பு முடிந்ததும் அவர் வாளியும் துணியுமாக எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். பத்தொன்பது ஆண்டுகளாக இதுதான் நடைமுறை.

இனி நடக்குமா என்பதுதான் மூன்று மாதமாக எங்கள் கவலை. தாங்கள் ஓய்வு பெற்றதும் பெரியம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, லாயத்தில் திரையும் கணினியும் வைக்கப்போவதாக கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டார். நாங்கள் போய் நின்றோம். "சரி, உங்கள்ல ஒருத்தராவது அவர் மாதிரி வரைஞ்சு காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார். இருபத்துநான்கு வயதுக் குதிரையை இனி யார் வைத்து வளர்ப்பார்கள்? தங்களிடம் சொன்னால் தாங்கள் ஓய்வே வேண்டாமென்று அடம் பிடிப்பீர்கள் என்று அஞ்சி மறைத்தோம். மன்னியுங்கள்!

நேற்று முதல்வர் முன்னிலையில் ஒத்திகை. நேரம் மிச்சமாகட்டும் என்று விரிவுரையாளர்கள் இருவர் இடப்பக்கத்திலும் இருவர் வலப்பக்கத்திலும் நின்றார்கள். இருந்ததோ ஒரே வரைபடம், அதுவும் இடப்பக்கத்துக்கானது. அதைக் குதிரையின் முதுகுக்கு மேலாக மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டார்கள். முடித்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தால், பெரியம்மாவுக்கு இரண்டு மண்ணீரல், இரண்டு இடது சிறுநீரகம்! பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கவேண்டிய பெரும்பையோ எந்தப் பக்கமும் இல்லை. "வலது எது, நமக்கு வலதா, குதிரைக்கு வலதா?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் இடக்கையை உறுதிசெய்துகொண்டார். முதல்வர் நடையைக் கட்டினார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் லாயப் பணியாளர் அம்மா வாளியோடு வந்தார். இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, "நீங்க போட்டது தப்புங்க" என்றார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஐயா போட்டா வலப்பக்க மஞ்சளைத் தேய்க்க ரெண்டு வாளி தண்ணி ஆகும். இடப்பக்கம் ஒன்னே போதும். நீங்க ரெண்டு பக்கமும் ஒத்தை வாளிக்குத்தான் போட்டிருக்கீங்க."

அவர் ஈரத்துணியை எடுத்துப் பெரியம்மாவின் வலப்பக்கத்தில் பெரிதாக ஒரு வளைவு தேய்த்தார். கறுப்புத் தோலில் ஈரம் பளபளத்தது. "கடைசியா போட்டதத்தான் முதல்ல துடைப்பேன். முதல்ல மஞ்சள் போகும், அப்புறம் பச்சை, அப்புறம் சிவப்பு, நீலம். எலும்பு கடைசி" என்று தேய்த்துக்கொண்டே போனார். பெரும்பை இருக்கவேண்டிய இடத்தில் ஈரக்கோடாக இருந்தது. வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்று முன்னால், இதய வடிவில் இருந்தது. பக்கத்துக்குப் பதினெட்டு விலா எலும்பும் இருந்தன. யாம் சாக்பீஸை அவர் கையில் திணித்தோம்.

இன்று காலை முதல்வரைக் கையோடு இழுத்து வந்து, அம்மா வரைந்ததைக் காட்டினோம். அவர் இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு, "எல்லாம் சரிதான். பித்தப்பையை மறந்துட்டீங்களே, அது எங்க?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார். எங்களில் இருவர் பதறிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். யார் யார் என்பதைச் சட்டமிட்டு மாட்டப்போகும் மடலில் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அம்மா அசரவில்லை. "இருந்தாத்தானே சார் வரையறது? பத்தொன்பது வருஷமா துடைக்கிறேன். குதிரை மேல அப்படி ஒன்னை நான் துடைச்சதே இல்ல."

முதல்வர் வாய்விட்டுச் சிரித்து, சுற்றறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார்: பெரியம்மா இங்கேயே இருக்கட்டும், செயல்முறை வகுப்பை இனி இவர் எடுக்கட்டும். அந்தத் தாள் இம்மடலோடு இணைக்கப்பட்டுள்ளது. ஐயா, தங்களைப் பாராட்ட எண்ணி உட்கார்ந்து, யாரைப் பாராட்டுவது என்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். தாங்கள் வரைந்ததையா, அவர் துடைத்ததையா? இரண்டையுமே பொறுமையாகச் சுமந்து நின்ற பெரியம்மாவையா?

முப்பத்தோராண்டும் முகம் கோணாத முதல்வகுப்பு ஆசானே! தாங்கள் நோயின்றி, நொடியின்றி, பெரியம்மாவைப் போல் நின்றபடியே உறங்கும் நிலை வராமல் நன்றாகக் கால் நீட்டிப் படுத்து, நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும்! தாங்கள் இல்லாத முற்றத்தை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை.

இம்மடல் வாசித்து முடிந்ததும் அனைவரும் லாயத்து முற்றத்துக்கு வரவேண்டும். அம்மா தமது முதல் வகுப்பை எடுப்பார். தாங்கள் மாணவர் பெஞ்சில் அமரவேண்டும். புருவத்தால் திருத்தம் சொல்லக் கூடாது. இத்தனை ஆண்டில் தங்களிடம் எதுவுமே கேட்டிராத அம்மா, இன்று ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னைக்கு ஒரு நாள், நான் போட்டத ஐயா துடைக்கட்டும்." துணி துவைத்துக் காயவைத்திருக்கிறது. வாளிகள் மூன்று நிரப்பி வைத்திருக்கிறோம். அவற்றில் இரண்டு வலப்பக்கத்துக்கு.

என்றும் அன்புடன்,
லாயப் பணியாளர் அம்மா,
விரிவுரையாளர்கள் நால்வர்,
எது வலப்பக்கம் என்று இன்னும் தெளியாத துறை எழுத்தர்