செவ்வாய்க்கிழமைத் தேங்காய்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கரமனை மாமி, வரிசையில் அவளுக்கும் முன்னால் இருந்த தன் மகளின் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையாரைப் பட்டினி போட்டுட்டேளே, டீச்சர்!"

"நானா, மாமி?"

"தினம் சாயங்காலம் இங்கே உடையற தேங்காயை எண்ணி, அதுக்குத் தக்கபடி நோட்டுல கட்டத்துக்கு வர்ணம் தீட்ட எம்பொண்ணுகிட்ட சொன்னேள். சரி. செவ்வாய்க்கிழமைக்குப் பூஜ்யம் போடச் சொன்னேளாமே!"

"அவ வெறுமனே விட்டிருந்தாளே. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரார், கேட்டேளா."

"அன்னிக்கு எங்காத்துல தீட்டு. கோவிலுக்கு எப்படி வருவா? இவ எண்ணலைன்னா, யாருமே உடைக்கலைன்னு ஆயிடுமா? சுவாமி விஷயத்துல பொய் எழுதிட்டேன்னு அழறா. பள்ளிக்கூடமே வேண்டாம்கறா."

டீச்சர் யோசித்தாள். "அப்போ, திங்கட்கிழமை எண்ணையே போட்டுடட்டுமா?"

"இவர் முன்னாடி நின்னுண்டா இதைக் கேக்கறேள்?"

டீச்சர் சன்னிதியைப் பார்த்தாள். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தப்பு, தப்பு. பூஜ்யத்தை நானே அழிச்சுடறேன். 'பார்க்கவில்லை'ன்னு எழுதட்டும். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவளை அனுப்பிடுங்கோ, மாமி."

டீச்சரின் முறை வந்தது. தேங்காய் சிதறியது.

"இதையும் இன்னிக்குச் சேர்த்துக்கச் சொல்றேன்," என்று மாமி சிரித்தாள்.

அவளும் உடைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து என் தேங்காய். அதுவும் அந்தக் குழந்தையின் கட்டத்தில் ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டே உடைத்தேன்.