பேய்க்கு முந்தி வரும் இருமல்

சேலத்தில் மேட்னி பேய்ப்படம் பார்த்துவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறிய இரண்டு எஸ்டேட் பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள்.

“படத்துல பனிப்பொகையக் காட்டுனா டவுன்காரங்க கத்தறாங்க. நம்ம தெனமும் அதுக்குள்ள நின்னுதான காப்பிப்பழம் பறிக்கறோம்,” என்றாள் மூத்தவள்.

“அப்ப நீங்க எதுக்குக்கா கத்துனீங்க?”

“பேய் வர்றதுக்கு முந்தி இருமல் சத்தம் மட்டும் கேட்டுச்சு பாரு கண்ணு. நம்ம எஸ்டேட்ல ஆள்கணக்கு எழுதற ரைட்டரும் அப்படித்தான். செடிக்குப் பொறத்தால மொதல்ல இருமலு, பொறவுதான் ஆளு. அவருகிட்ட வயித்துவலின்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்.”

பதினோராவது வளைவில், டிரைவருக்குப் பின்னால் குல்லாய் போட்டிருந்தவர் இருமினார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் திரும்பாமலே சொன்னார்: “நானும் மேட்னிக்குத்தாம்மா வந்தேன். தொரைகிட்ட பல்லுவலின்னு சொல்லியிருக்கறேன்.”